கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்: வயசு, ஆணா பெண்ணா பார்க்காம படிச்சா வர்ற குழப்பம்

மண்டபம் லேப்:
மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழே இருந்தா ரிப்போர்ட்டை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுக் கிளம்பிடுறாங்க. ரெண்டு ரிப்போர்ட்டைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. விசைப்படகுல போற 34 வயசுத் தம்பிக்கு மொத்தம் 186, எச்.டி.எல் (நல்ல கொலஸ்ட்ரால்) 29, ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்கிற இன்னொரு கொழுப்பு) 240. 56 வயசு அக்காவுக்கு மொத்தம் 232, எச்.டி.எல் 64, ட்ரைகிளிசரைடு 110. பயந்துபோறது அக்காதான். மொத்தத்தை எச்.டி.எல்லால வகுத்தா தம்பிக்கு 6.4, அக்காவுக்கு 3.6; இது கம்மியா இருக்கிறதுதான் நல்லது. அக்காவோட எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 146, அதையும் கவனிக்கணும். ஆனா தம்பியைச் சும்மா அனுப்பிடக் கூடாது. தொப்பை, சர்க்கரை, குடி மூணையும் விசாரிக்கணும். எச்.டி.எல் ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50-க்குக் கீழே போனாலே குறைவுதான்.

கீழக்கரை நர்ஸ்:
சரியாச் சொன்னீங்க காக்கா (அண்ணே). பிறந்த குழந்தைக்கு மொத்தமே 70 பக்கம்தான், ரெண்டு வயசுக்குள்ள மளமளன்னு ஏறிடும். வயசுக்கு வர்றப்போ பையன்களுக்கு எச்.டி.எல் இறங்கும், பொண்ணுங்களுக்கு அப்படி இறங்காது. ஆண்களுக்கு எல்.டி.எல் இருபதுல இருந்து ஏறி ஐம்பதுல நின்னுடும். பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இருக்கிற வரைக்கும் கல்லீரல் ரத்தத்துல இருக்கிற எல்.டி.எல்லை நல்லா இழுத்துக்கும். மாதவிடாய் நின்னதும் அந்த வேகம் குறைஞ்சு, 55-க்கு மேல அவங்க எல்.டி.எல் ஆண்களைத் தாண்டிடும். "போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு கேட்கிற லாத்தாமார் (அக்காமார்) பெரும்பாலும் இந்த வயசுதான். அவங்களுக்கு மாத்திரைக்கு முன்னாடி டி.எஸ்.எச் (தைராய்டு டெஸ்ட்) பார்த்துடுங்க, தைராய்டு குறைஞ்சாலும் எல்.டி.எல் ஏறும். கர்ப்பிணிக்குக் கடைசி மூணு மாசத்துல ட்ரைகிளிசரைடு ரெண்டு மூணு மடங்கு ஆகும். அது இயல்பு. காரணமில்லாம அப்போ கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுக்க வேண்டாம், பிரசவமாகி 6 வாரமாவது போகட்டும்.

தங்கச்சிமடம் டெக்னீஷியன்:
ரத்தம் எடுக்கிறப்பவே பாதி தப்பு நடந்துடுது. "வெறும் வயிறா?"ன்னு கேட்டா எல்லாரும் ஆமாம்பாங்க. ராத்திரி கடலுக்குப் போயிட்டு விடியக்காலம் கரையேறுறவர் 3 மணிக்குப் படகுலயே சோறு தின்னிருப்பார். பால் டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்குல சேர்க்கிறதே இல்ல. "கடைசியா எத்தனை மணிக்கு, என்ன?"ன்னு கேளுங்க. 10-12 மணி நேரம் இடைவெளி வேணும், தண்ணி குடிக்கலாம். வந்தவரை உட்கார வச்சு அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு எடுங்க. கையில கட்டுற பட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல இருந்தா ரத்தம் அடர்த்தியாகி அளவு கூடுதலாக் காட்டும்.

இன்னொண்ணு. பல லேப்ல எல்.டி.எல்லை நேரா அளக்கிறதில்ல. மொத்தத்துல எச்.டி.எல்லையும், ட்ரைகிளிசரைடை அஞ்சால வகுத்ததையும் கழிச்சுப் போடுற கணக்குதான். ட்ரைகிளிசரைடு 400 தாண்டினா அந்தக் கணக்கு நிக்காது, நேரா அளக்கிற டைரக்ட் எல்.டி.எல் டெஸ்ட் கேளுங்க. 500 தாண்டினா கணையம் வீங்குற அபாயம் உண்டு, டாக்டரைப் பார்க்கிறதைத் தள்ளிப் போடக் கூடாது.

தொண்டி டயட்டீஷியன்:
இறால், கணவாயை நிறுத்தணுமான்னுதான் முதல் கேள்வியே வரும். அதுல கொலஸ்ட்ரால் உண்டு, ஆனா நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் கொழுப்பு) ரொம்பக் கம்மி. எல்.டி.எல்லை அதிகமா ஏத்துறது நெய்ச்சோறு, தேங்காய்ப்பால், தொதல் (தேங்காய்ப்பால்ல கிண்டுற இனிப்பு) வகையறா. சாளை மீனைக் குழம்பு வைங்க, பொரிக்காதீங்க. கருவாட்டுல உப்புதான் பிரச்சினை, பிரஷர்காரங்க ஒதுக்கணும்.

கீழக்கரை நர்ஸ்:
குழந்தைங்களுக்குப் பெரியவங்க அளவை வச்சுப் பார்க்காதீங்க. மொத்தம் 170-க்குக் கீழே, எல்.டி.எல் 110-க்குக் கீழே இருக்கணும். அப்பாவுக்கு 55-க்கு முன்னாடியோ அம்மாவுக்கு 65-க்கு முன்னாடியோ மாரடைப்பு வந்திருந்தா பிள்ளைக்கும் ஒரு தடவை எடுத்துடுங்க.