பிராய்லர்ல ஆசிடிஃபையர் (குடலுக்காகக் குடுக்கிற அமிலக் கலவை) குடுத்தும் எச்சம் தண்ணியாவே போகுது, உதவி தேவை

காப் 500 ரக பிராய்லர் (கறிக்கோழி), ஓபன் ஷெட், உமி லிட்டர் (தரையில விரிக்கிற படுக்கை). குஞ்சுல நல்லாதான் இருந்துச்சு, மூணாவது வாரம் தீவனம் மாத்தினதுல இருந்து எச்சம் தண்ணியா போகுது, செரிக்காத மக்காச்சோளத் துணுக்கு அப்படியே வெளிய வருது, லிட்டர் ஈரமாகி அம்மோனியா கண்ணை எரிக்குது, எடையும் ஏறல. இறப்பு அதிகமில்ல, ஆனா ஒரே ஷெட்ல பெருசும் சிறுசுமா நிக்கிறதப் பாக்க மனசு கேக்கல.

தண்ணில ஃபார்மிக், புரோப்பியானிக் கலந்த ஆசிடிஃபையர் குடுத்து பிஹெச் 4க்கு பக்கத்துல வச்சு பாத்தாச்சு (தண்ணி குடிக்கிறது குறையல, தண்ணி குடிக்கிற நிப்பிள்ல அடைப்பும் இல்ல), தடுப்பூசி அன்னிக்கு மட்டும் நிறுத்திடுவேன். டாக்டர் அறுத்து பாத்துட்டு காக்சிடியா (குடல் ஒட்டுண்ணி) இல்லன்னுட்டார், சிறுகுடல் சுவர் மட்டும் மெலிசா, உள்ள காத்து. தீவனத்துல உப்பும் டெஸ்ட் பண்ணியாச்சு, சரியாதான் இருக்கு.

கோட்டிங் இல்லாத ஆசிட் பெரும்பாலும் மேல்குடல்லயே உறிஞ்சிடும், கீழ்க்குடலுக்கு போய் சேராதுங்கிறாங்க, தீவனத்துல இருக்க சுண்ணாம்புக்கல் வேற ஆசிட்டை மட்டுப்படுத்திடும். அதனால கேக்கறேன், தண்ணி ஆசிட்டோட கோட்டட் பியூட்டிரேட்டையும் (கீழ்க்குடல் வரைக்கும் போற மாதிரி மேல்பூச்சு போட்ட பியூட்டிரிக் அமில உப்பு) தீவனத்துல சேத்து குடுத்து எச்சம் கெட்டியானவங்க இருந்தா, டன்னுக்கு எவ்வளவு போட்டீங்க?