லண்டனில் மூன்று பிள்ளைகளோடு ஐந்து நாள்: நடுவில் அறையா, தள்ளி வீடா?

தென்றல்வீடு:
ஜூலை கடைசி வாரம், ஐந்து நாள். பெரியவர்கள் இருவர், பிள்ளைகளுக்கு வயது 4, 8, 12. நகர நடுவில், அருங்காட்சியகங்கள் இருக்கும் சவுத் கென்சிங்டன் பக்கம் ஓட்டல் அறை பார்க்கிறோம். அதே செலவில் மேற்கே தள்ளி ஈலிங் பிராட்வேயில் சமையலறையோடு இரண்டு படுக்கையறை வீடு கிடைக்கிறது. எதை எடுக்கலாம்?

வழித்துணை:
சவுத் கென்சிங்டன், யோசிக்கவே வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளை மதியம் ஒரு மணிக்குமேல் தாங்காது. அறை பக்கத்தில் இருந்தால் இரண்டு மணி நேரம் படுக்கவைத்துவிட்டு நாலு மணிக்கு மறுபடி கிளம்பலாம். ஈலிங் என்றால் ரயிலுக்குள் மட்டும் அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். வீட்டிலிருந்து நடை, பிளாட்பாரத்தில் காத்திருப்பு, இறங்கியபின் படி, நடை எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கு ஐம்பது நிமிடம். மதியம் ஒருமுறை திரும்பினால் நாளுக்கு நாலு பயணம், அதாவது மூன்றே கால் மணி நேரத்துக்கும் மேல். அந்தப் பயணத்தை யாரும் செய்ய மாட்டார்கள். தூக்கம் கெட்டு, சாயங்காலம் அழுகையில் போய் முடியும்.

தேரடி:
கணக்கு சரி. ஆனால் ஐந்து பேர் என்பதை விட்டுவிட்டீர்கள். லண்டனில் பெரும்பாலான குடும்ப அறைகள் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகளுக்குத்தான். ஐந்தாவது ஆளுக்கு இரண்டாவது அறை எடுக்க வேண்டும். இரண்டும் நடுக்கதவோடு அடுத்தடுத்து வரும் என்று யாரும் தானாக உறுதி தருவதில்லை. "கேட்டுப் பார்க்கிறோம்" என்பார்கள், வந்து பார்த்தால் ஒன்று இரண்டாம் மாடி, மற்றது ஐந்தாம் மாடி. உறுதியை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். அந்தப் பகுதியின் பழைய வரிசை வீடுகளை ஓட்டலாக்கியிருக்கும் இடங்கள் பலவற்றில் லிஃப்ட்டும் இல்லை.

ஈலிங் பிராட்வேக்கு டிஸ்ட்ரிக்ட், சென்ட்ரல், எலிசபெத் என மூன்று ரயில் தடங்கள் உண்டு. வார இறுதியில் பராமரிப்புக்காக ஒன்றை மூடினாலும் வேறு வழி இருக்கும். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து எலிசபெத் தடத்தில் நேரே வந்து இறங்கலாம், பெட்டியைப் படியில் தூக்க வேண்டியதில்லை. பிள்ளை ஸ்ட்ரோலரிலேயே தூங்கட்டும்.

வழித்துணை:
வீட்டுப் பக்கம் படி இல்லைதான். போய் இறங்கும் இடம்? சவுத் கென்சிங்டன் லிஃப்ட்டை நம்பி இறங்கும் நிலையம் அல்ல. தூங்கும் பிள்ளையோடு ஸ்ட்ரோலரை இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கும். அதுவும் எப்போது? இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 5.50க்கு மூடுகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 4 முதல் 7 வரை உச்ச நேரம். அலுவலகக் கூட்டத்தோடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும்.

தேரடி:
5.50க்கே ரயில் ஏற வேண்டும் என்று என்ன கட்டாயம்? எக்சிபிஷன் ரோட்டில் வடக்கே பத்து நிமிடம் நடந்தால் பூங்கா. ஜூலை கடைசியில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். கட்டிவந்ததைச் சாப்பிட்டு, ஓடவிட்டு, ஏழரைக்கு ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். இதையே டிசம்பரில் செய்ய முடியாது, நாலு மணிக்கே இருட்டிவிடும். டிசம்பர் பயணம் என்றால் நானும் நடுவில்தான் தங்கச் சொல்வேன்.

கணக்கர்:
இடச் சண்டை இருக்கட்டும், பயணக் கட்டணத்தில் பலர் ஏமாறுவதைச் சொல்கிறேன். 4, 8 வயதுக்காரர்களுக்கு எதுவும் வாங்க வேண்டாம். கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு 11 வயதுக்குக் குறைந்த நான்கு பிள்ளைகள்வரை ட்யூப் (பாதாள ரயில்), டிஎல்ஆர் (இலகு ரயில்), எலிசபெத் தடங்களில் இலவசம். நிலைய நுழைவாயிலின் அகலமான கதவு வழியாகக் கூட்டிப் போங்கள்.

12 வயதுக்காரருக்குத்தான் வேலை இருக்கிறது. அவருக்குத் தனி ஆய்ஸ்டர் கார்டு (பணம் ஏற்றும் பயண அட்டை) வாங்கி, ட்யூப் நிலைய ஊழியரிடம் "யங் விசிட்டர்" சலுகையை ஏற்றித் தரச் சொல்லுங்கள். 11 முதல் 15 வயதுவரை பாதிக் கட்டணம், 14 நாளுக்குச் செல்லும். பிள்ளையும் பெரியவரும் நேரில் இருக்க வேண்டும். அவருக்கு வாயில் கருவியில் வங்கி கார்டைத் தொட்டால் முழுக்கட்டணம் போய்விடும்.

பெரியவர்கள் இருவரும் ஒரே கார்டைத் தொட முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். ஏறும்போது கைப்பேசி, இறங்கும்போது அதே வங்கியின் பிளாஸ்டிக் கார்டு என்று மாற்றாதீர்கள். இரண்டும் தனித்தனிக் கணக்காக விழுந்து, முடிக்காத பயணம் இரண்டுக்கு அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லை, 2014இலிருந்தே.

வழித்துணை:
கணக்கர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் தேரடி, ஸ்ட்ரோலரைப் பற்றி ஒன்று. பேருந்தில் சக்கர நாற்காலிக்காரர் ஏறினால் அந்த இடம் அவருக்குத்தான். ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டும். உங்கள் திட்டமே பிள்ளை அதில் தூங்குவதுதானே? ஒரு கையால் மடியும் வகையில்லாமல் அது நடக்காது. அதோடு, ஜூலை வெயிலில் மாடி வீடுகள் அடுப்பாகக் கொதிக்கும், பலவற்றில் ஏசி கிடையாது.

தேரடி:
மடிக்கும் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். மேல்மாடி வீடாக இருந்தால் நானும் வேண்டாம் என்பேன். தரைத்தளமா என்று கேளுங்கள். ஏசி என்றால் டிஸ்ட்ரிக்ட், எலிசபெத் ரயில்களில் உண்டு; பிக்காடில்லியின் பழைய ரயில்களில் இல்லை. சவுத் கென்சிங்டனில் தங்குபவர் ஹீத்ரோவிலிருந்து அதில்தானே வருவார்?

நடுவழி:
இரண்டுக்கும் நடுவே பேடிங்டன் இருக்கிறது. ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் தடத்தில் அரை மணி நேரம். அருங்காட்சியகங்களுக்கு ரயிலே வேண்டாம், பூங்காவைக் குறுக்காகக் கடந்தால் சுமார் இரண்டரை கிலோமீட்டர், ஸ்ட்ரோலர் தடையில்லாமல் உருளும். கழிப்பறை பற்றி யாரும் பேசவில்லை: நகர நடுவில் பெரும்பாலான ட்யூப் நிலையங்களில் கிடையாது. பேடிங்டன், வாட்டர்லூ, விக்டோரியா, கிங்ஸ் கிராஸ் போன்ற பெரிய ரயில் நிலையங்களில் 2019 முதல் இலவசம். நாலு வயதுக்கு நாளின் வழியையே இவற்றை வைத்துப் போட வேண்டும்.

தென்றல்வீடு:
நன்றி. பேடிங்டனில் ஐந்து பேருக்கு ஒரே கதவுக்குள் இடம் கிடைக்கிறதா என்று பார்க்கிறோம். கிடைக்காவிட்டால் ஈலிங். முதல் நாள் காலை அருங்காட்சியகத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

வழித்துணை:
திறப்பது 10 மணி. பள்ளி விடுமுறையில் பதினொன்றுக்குமேல் வரிசை தெருவுக்கு வந்துவிடும். இலவச நுழைவுச்சீட்டை முன்பே நேரத்தோடு எடுத்துவிட்டு 9.45க்கு நில்லுங்கள். முதலில் டைனோசர் கூடம், கூட்டம் அங்கேதான் முதலில் சேரும். நடுக்கூடத்தில் தொங்கும் நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் திரும்பும் வழியில் பார்க்கலாம்.

தேரடி:
ஒரு நாளுக்கு ஒரே அருங்காட்சியகம். பக்கத்திலேயே அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறதே என்று அன்றே நுழையாதீர்கள். 12 வயதுக்காரருக்கு அங்கே வொண்டர்லேப் என்ற செய்து பார்க்கும் கூடம் மட்டுமே அரை நாள் பிடிக்கும். அதற்குத் தனிக் கட்டணம்.

வழித்துணை:
இதில் தேரடி சொல்வதே சரி.