ஷெட் தரையில் ஈரம் ஊறுகிறது, உதவி தேவை

வணக்கம். மடிப்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் 10க்கு 14 அடியில், மர வேலை செய்ய ஒரு ஷெட் போட்டேன். இரும்புக் குழாய்க் கால், மேலே கால்வலூம் ஷீட். கூரை ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. தரைதான் பிரச்சினை.

போன ஜூனில் ரப்பிஷ் கொட்டி, திமிசு போட்டு, 3 அங்குலத்துக்கு கான்கிரீட் போட்டோம். அடியில் பாலித்தீன் விரிக்கவில்லை. அங்கே காசு மிச்சம் பிடித்தது தப்பு. ஐப்பசி மழை தொடங்கியதும் தரை கறுத்து, ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. உளிகளில் ஒரே வாரத்தில் துரு. அப்பா வைத்திருந்த இரும்பு இழைப்புளியின் அடிப்பாகம் முழுக்கச் செம்புள்ளி. அதைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை.

2 அடி பாலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் தரையில் வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் முத்து முத்தாக நீர். ஆக, நிலத்து ஈரம்தான் ஏறுகிறது. வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் 2 கை அடித்தேன், மூன்றே வாரத்தில் கொப்பளித்து உரிந்துவிட்டது. அப்புறம் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினேன். மழைத்தண்ணீர் ஓடுகிறது, தரை காயவில்லை.

கையில் இருப்பது 15,000 ரூபாய். கூரை உயரம் 8 அடி. பழைய தரைமேலேயே 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து 2 அங்குலம் கான்கிரீட் போட்டால் நிற்குமா, இல்லை பெயர்த்துத்தான் போட வேண்டுமா?