புதுப்பிப்பு: நுவரெலியாக் குளிரில் எங்கள் சாண எரிவாயுக் கலன்

தை மாதப் பனியில் எங்கள் சாண எரிவாயு அடுப்பு அணைந்துபோனதைச் சென்றமுறை எழுதியபோது, குழாயில்தான் கசிவு என்று உறுதியாகச் சொல்லியிருந்தேன். அது என் தவறு. அடுப்பில் எரியும் வாயுவான மீதேனைச் சாணத்திலிருந்து உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில் நன்கு இயங்குவன. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியோ 16 பாகையை ஒட்டியது. அதைவிடக் கெடுதி, குளிரில் சோர்ந்திருந்த கலனுக்குள் நான் கோவா (முட்டைக்கோஸ்) இலைகளை அள்ளிக் கொட்டியதுதான்: இலை விரைவில் புளித்து அமிலமாகிவிட, அவ்வமிலத்தை மீதேனாக்க வேண்டிய நுண்ணுயிர்கள் பின்தங்கிவிட்டன.

மரக்கறிக் கழிவை இரண்டு வாரம் அடியோடு நிறுத்தி, சாணத்தைச் சம அளவு வெதுவெதுப்பான நீரில் (விறகு வீணென்று அம்மா திட்டினாலும்) கரைத்து ஊற்றி, கலனைச் சுற்றிக் காய்ந்த மானாப்புல்லும் கறுப்புப் பொலித்தீனும் போர்த்திய பின், காலைத் தேநீருக்குப் போதிய நீலச் சுடர் திரும்பியுள்ளது. இரவுச் சோற்றுக்கு இன்னும் விறகுதான்.