‘மருந்துவழி விறைப்புக் காய்ச்சல்’ – ஒரு பரிந்துரை

அன்புடையீர்,

மனநோய் மருந்துகளின் கடும் பக்கவிளைவுகளைப் பற்றிய துண்டறிக்கைக்காக, அம்மருந்துகளால் காய்ச்சலும் தசை விறைப்பும் சேர்ந்து வரும் ‘நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம்’ என்பதற்கு முன்மொழியப்பட்டுள்ள ‘நரம்பமைதி மருந்துப் புற்றுக் கூட்டறிகுறி’ என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. ழான் டிலே என்னும் பிரெஞ்சு மருத்துவரும் அவர் குழுவினரும் 1960இல் இந்நிலையை விவரித்தபோது, உயிருக்கே ஆபத்தானது என்னும் பொருளில்தான் ‘மாலிக்னன்ட்’ என்ற அடைமொழியைக் கையாண்டனர். புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

சிங்கப்பூரில் உடம்பு கொதித்தால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது டெங்கி. கைக்கு வருவது பெனடோல். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைத் தொடங்கியோ அளவைக் கூட்டியோ இரண்டு வாரத்துக்குள் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, கைகால் விறைத்து, வியர்த்துக் கொட்டி, பேச்சுத் தடுமாறினால், காய்ச்சல் தணியட்டும் என்று மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும். முழங்கையை மடக்கிப் பார்த்தால் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீராக, ஈயக் குழாயை வளைப்பதுபோல் எதிர்க்கும். தசை சிதைவதால் இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்னும் தசை நொதி ஏறும், சிறுநீர் கறுக்கும், சிறுநீரகம் பழுதாகலாம். மருத்துவமனையில் அம்மருந்தை நிறுத்தி, உடலைக் குளிர்வித்து, நீர்ச்சத்து ஏற்றுவார்கள்; முற்றிய நிலையில் டான்ட்ரோலீன், புரோமோகிரிப்டின் ஆகிய மருந்துகளையும் தருவதுண்டு.

ஆகவே, காய்ச்சல், விறைப்பு, மருந்து ஆகிய மூன்றையும் பெயரே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; ‘மருந்துவழி விறைப்புக் காய்ச்சல்’ என்பதே என் பரிந்துரை. ‘விறைப்பு’ என்பதற்குப் பதிலாக ‘இறுக்கம்’ என்று வைக்கலாமே என நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ‘மன இறுக்கம்’ ஏற்கெனவே ஆட்டிசத்துக்கு வழங்குவதால், மனநலத் துண்டறிக்கையில் அது குழப்பும். வீட்டாரும் ‘கைகால் விறைத்துப்போச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். ‘காய்ச்சல்’ என்றால் தொற்று என நினைப்பார்களோ என்ற ஐயம் நியாயமானதே. ‘மருந்துவழி’ என்ற முன்னொட்டு அதற்காகத்தான்.

இம்மருந்துகளின் இன்னொரு பக்கவிளைவான, கழுத்துக் கோணி விழி மேலேறும் நிலைக்குத் ‘திடீர்த் தசைமுறுக்கம்’ என்பதே போதும்.

குளோசபின் என்னும் மனநோய் மருந்தை உட்கொள்வோருக்கு வெள்ளணுக்கள் சரிவதாலும் தொண்டை வலியுடன் காய்ச்சல் வரக்கூடும். அதற்கும் அன்றே இரத்தப் பரிசோதனை தேவைப்படுவதால், இரண்டு காய்ச்சல்களையும் துண்டறிக்கையில் அடுத்தடுத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.