700 பிரதிகளோடு மறைந்த இசைத்தட்டு: நேஷனல் வேக்கை நீங்கள் எப்படிக் கண்டடைந்தீர்கள்?

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாசித்த பங்க் (வேகமான, முரட்டு ராக் இசை) குழு நேஷனல் வேக். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவர்களுடைய துணிச்சலை எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்தத் தட்டை முழுவதுமாகக் கேட்டவர்கள் சிலராவது இங்கே இருப்பீர்கள் என்று நம்பி இந்தப் பகிர்வைத் தொடங்குகிறேன். எனக்கு அதில் முதலில் பிடித்தது பேஸ் கிட்டார்.

வேலை நிமித்தம் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தபோது, விடுமுறை நாட்களில் பழைய இசைத்தட்டுக் கடைகளைத் தேடிப் போவேன். மெல்வில் பகுதிக் கடைக்காரர் ஒருவர், நான் ஜமைக்காவின் ரெகே இசைத்தட்டுகளையே புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, 'வாக் இன் ஆப்பிரிக்கா 1979–81' என்ற தொகுப்பை எடுத்து வந்து அங்கேயே ஓடவிட்டார். அமெரிக்காவின் லைட் இன் தி ஆட்டிக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட மறுபதிப்பு அது. லண்டன் பங்க் தட்டுகளில் பெரும்பாலும் கிட்டார் முன்னே ஓடும், மற்றவை அதைத் துரத்தும். இங்கே பேஸும் டிரம்ஸும் சேர்ந்து வழி போடுகின்றன. கிட்டார் அந்த வழியில் உரசிக்கொண்டு போகிறது. ரெகேயும், அமெரிக்கக் கறுப்பர்களின் நடன இசையான ஃபங்க்கும், பங்க்கும் ஒட்டுப்போட்டதுபோல் தெரியவே இல்லை. அவர்கள் வாசித்தபடியே அது அப்படித்தான் பிறந்திருக்கிறது.

அந்த பேஸை வாசித்தவர் கேரி கோசா. டிரம்ஸ் அவருடைய சகோதரர் பங்கா கோசா. இருவரும் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பான சோவெட்டோக்காரர்கள். பாடி, கிட்டார் வாசித்த ஐவன் கேடி வெள்ளையர். ஸ்டீவ் மோனி பிறகு இன்னொரு கிட்டாருடன் வந்து சேர்ந்தார். குழு உருவான ஆண்டு 1979. ஆப்பிரிகான்ஸ் மொழியைப் பள்ளிகளில் திணித்ததை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று ஊர்வலம் போன சோவெட்டோ மாணவர்கள்மீது போலீஸ் சுட்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தக் கோபம் எப்படிப்பட்டது என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குழுவினர் ஜோகன்னஸ்பர்க்கின் பார்க்டவுனில் ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருந்தார்கள். எந்த இனத்தார் எந்தப் பகுதியில் வசிக்கலாம் என்று 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் வகுத்திருந்தது. வெள்ளையர் பகுதியில் கறுப்பர்களும் சேர்ந்து குடியிருந்த அந்த வீடே சட்டமீறல். காலையில் எழுந்து ஒரே அடுப்பில் தேநீர் போடுவதுகூடக் குற்றமாக இருந்த இடத்தில் இந்தப் பாட்டுகள் ஒத்திகை பார்க்கப்பட்டன. வாத்தியங்களுக்கு இடையே இவ்வளவு நெருக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை அந்த வீடுதான். வாரம் ஒருமுறை கூடிப் பிரிகிறவர்களுக்கு இப்படி வாசிக்க வராது.

1981இல் இசைத்தட்டு வெளிவந்தது. 700 பிரதிகள் அளவுக்கு விற்பதற்குள் அரசின் நெருக்கடியால் விற்பனை நின்றது. அடுத்த ஆண்டு குழுவும் கலைந்தது. 'இன்டர்நேஷனல் நியூஸ்' என்ற பாட்டைக் கேட்டால் அரசு ஏன் பயந்தது என்று புரியும். அங்கோலாவில் நடந்த போரையும் கறுப்பர் குடியிருப்புகளில் நடந்தவற்றையும் செய்திகளிலிருந்து மறைத்ததைப் பற்றிய பாட்டு அது. 1975இல் தன் படைகள் அங்கோலாவுக்குள் நுழைந்ததை அந்த அரசு தன் மக்களிடமிருந்தே மறைத்திருந்தது.

மறுபதிப்பு வந்தபோது கோசா சகோதரர்கள் இருவரும் உயிரோடு இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

டர்பனில் ஆசிரியப் பணியில் இருந்த ஓர் உறுப்பினர்:

எனக்கு இந்தத் தட்டு வந்து சேர்ந்தது என் மகன் வழியாக. 'பங்க் இன் ஆப்பிரிக்கா' என்ற 2012ஆம் ஆண்டு ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டுகளைத் தேடி எடுத்தான். நாங்கள் அப்போது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரத் தாத்தாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. தமிழில் தேவாரம் சொல்வார், பேச்செல்லாம் ஆங்கிலம்தான். அவருடைய குடும்பம் முன்பு அதே நகரின் கேட்டோ மேனர் பகுதியில் வாழைத்தோட்டம் வைத்திருந்தது. நீங்கள் சொல்லும் அதே சட்டத்தைக் காட்டித்தான் அங்கிருந்த இந்தியர்களை 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள்.

மகன் சத்தமாக வைத்திருந்தான். தாத்தா திட்டப்போகிறார் என்று நினைத்து நான் குறைக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். யார் வாசிப்பது என்று கேட்டார். சொன்னோம். ஒரே வீட்டிலா இருந்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த வீட்டைப் பற்றித்தான் பேசினார். யார் வாடகைக்கு எடுத்திருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீசுக்குச் சொல்லவில்லையா, மளிகை யார் வாங்கி வந்தார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்தவருக்கு அதுதான் முதல் கேள்வி.

அவர் சொன்ன இன்னொன்று: வானொலியில் இந்த மாதிரிப் பாட்டு எதுவும் வராது. அது உண்மைதான். தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகத்தின் நூலகத்தில் தடைசெய்த பாட்டுகளின் தடங்களைக் கூரான கருவியால் கீறிவைத்த தட்டுகள் இன்றும் இருக்கின்றன. யாரும் தவறியும் ஒலிபரப்பிவிடக் கூடாதாம்.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

இந்தக் கதையைப் படித்ததும் டெட்ராய்ட்டின் 'டெத்' குழு நினைவுக்கு வந்தது. டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி என்ற மூன்று கறுப்பினச் சகோதரர்கள். 1975இல், பங்க் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே, அதே வேகத்தில் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பெயரை மாற்றினால்தான் வெளியிடுவோம் என்றது பெரிய நிறுவனம். டேவிட் மறுத்துவிட்டார். சொந்தச் செலவில் ஒரே ஒரு சிறு தட்டை 500 பிரதிகள் போட்டார்கள். டேவிட் 2000இல் இறந்தார். முழுத் தொகுப்பு 2009இல்தான் வெளிவந்தது.

நான் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பேன். டெட்ராய்ட்டில் வழியை மறித்தது வியாபாரம், ஜோகன்னஸ்பர்க்கில் அரசு. ஆனால் இரண்டு இடங்களிலும் சகோதரர்கள் சேர்ந்து வாசிக்கும் தாளத்தில் ஒரு தனி இறுக்கம் இருக்கிறது. ஒருவர் எங்கே மூச்சு விடுவார் என்று மற்றவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் ஊரில் நாகசுரமும் தவிலுமாக அண்ணன் தம்பி சேர்ந்து வாசித்துக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கோவையிலிருந்து:

டிரம்ஸ் கற்றுக்கொடுக்கிறேன். பங்கா கோசா ஹை-ஹாட்டை (காலால் இயக்கும் இரட்டைத் தாளத்தை) எப்படித் திறந்து மூடுகிறார் என்பதை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். அவர்களுக்கு வரலாறு எதுவும் சொல்வதில்லை. முதலில் காதால் கேட்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். பிறகு அவர்களே யார் இவர் என்று கேட்டு வருகிறார்கள்.

தொடங்கியவரின் மறுமொழி:

கோவை நண்பரே, நான் சொல்ல நினைத்ததைச் செய்துகொண்டே இருக்கிறீர்கள். புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு: 'வேக் ஆஃப் தி நேஷன்' பாட்டில் தொடங்குங்கள். முதல் தடவை பேஸை மட்டும் பின்தொடருங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அது கேட்காது, நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். 'இன்டர்நேஷனல் நியூஸ்' பாட்டை இரவில் செய்தி பார்த்து முடித்த பிறகு வையுங்கள். 1981ஆம் ஆண்டின் மூலப் பிரதி யாரிடமாவது இருந்தால் அதன் உறையைப் படம் எடுத்து இங்கே பகிருங்கள். நான் இன்னும் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. டர்பன் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: அந்தத் தாத்தா கேட்டோ மேனரைப் பற்றிச் சொன்னவற்றைத் தனியாக எழுதுங்கள், மளிகைக் கணக்கு உட்பட.