பழைய கெக் வாங்கப் போனால் முதலில் பார்க்க வேண்டியது பிரஷரா, உள்பக்கமா?

செல்வம்_டல்லாஸ்:
அமெரிக்காவில் வீட்டில் பீர் தயாரிக்கும் நம் ஆட்கள் நிறைய பேர் பழைய சோடா கெக் தேடுகிறார்கள், அதாவது சோடா கம்பெனிகள் பிரஷரில் பானம் நிரப்பி வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பீப்பாய், அதுதான் அந்த 5 கேலன் கார்னி கெக். என் கருத்து இதுதான்: மூடியில் இருக்கும் வால்வை இழுத்தால் புஸ் என்று காற்று வர வேண்டும். வரவில்லையா, பேரமே பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். பிரஷர் நிற்காத கெக்கை வாங்கி என்ன செய்யப் போகிறோம்?

மதி:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரஷர் இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் ஓ-ரிங்தான், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். ஒரு கெக்கில் மொத்தம் ஐந்து இருக்கும், மூடியில் பெரியது ஒன்று, இரண்டு போஸ்ட்டுக்கும் (மேலே கேஸ் குழாயும் பீர் குழாயும் மாட்டும் முனைகள்) ஒவ்வொன்று, உள்ளே போகும் இரண்டு குழாய்க்கும் ஒவ்வொன்று. பழைய ரப்பரில் ரூட் பீர் என்ற சோடாவின் வாசனை ஊறிப்போய் இருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது, அதனால் காற்று நின்றாலும் நிற்காவிட்டாலும் ஐந்தையும் மாற்றத்தான் போகிறீர்கள். எப்படியும் தூக்கிப் போடப் போகிற ரப்பரைச் சோதித்து என்ன பயன்?

பார்க்க வேண்டியது உள்பக்கம். டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பழுப்புக் கறை மட்டும் என்றால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பொடியில் தேய்த்தால் போய்விடும். குழி குழியாக அரித்திருந்தால் வேண்டாம். யாரோ குளோரின் ப்ளீச் ஊற்றி ஊறவைத்திருப்பார்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அது அரிக்கும். அந்தக் குழிக்குள் கிருமி தங்கினால் கழுவி எடுக்க வழியில்லை, ஒவ்வொரு பீரும் புளிக்கும்.

செல்வம்_டல்லாஸ்:
ரப்பர் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீழே போட்டு மூடி உட்காரும் வாய் நசுங்கியிருந்தால்? புது ஓ-ரிங் போட்டாலும் கசியும். பிரஷர் நிற்கிற கெக்கில் அந்தச் சந்தேகமே இல்லையே.

மதி:
வாயைச் சுற்றி விரலை ஓட்டினாலே தெரிந்துவிடும். போஸ்ட்டின் மரையையும் பாருங்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தேய்ந்துபோனால் பொருந்துகிற மாற்று தேடி அலைய வேண்டும். இதையெல்லாம் பார்க்கத் திறந்தாக வேண்டும். “பிரஷர் இருக்கு, திறக்க வேண்டாம்” என்று விற்கிறவர் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் காசு கொடுக்கிறீர்கள். இன்னொன்று, காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும். கோகோ கோலா கம்பெனி பயன்படுத்திய ‘பின் லாக்’ கெக் (போஸ்ட்டின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன பின்களில் குழாய் மாட்டும் வகை) பலவற்றில் மூடி வால்வுக்கு இழுக்கும் வளையம் கிடையாது. அதில் இரண்டு பின் உள்ள போஸ்ட் கேஸுக்கு, மூன்று பின் உள்ளது பீருக்கு. கேஸ் போஸ்ட்டின் நடுவே ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்தி விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு.

கவிதா_என்ஜே:
இரண்டு பேரும் சோடா கெக்கிலேயே நிற்கிறீர்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பலர் தேடுவது மேல்பக்கத்தை வெட்டி, பீர் காய்ச்சும் பாத்திரமாக அடுப்பில் வைக்க 15.5 கேலன் பீர் கெக். அதில் முதலில் பார்க்க வேண்டியது மேலே பொறித்திருக்கும் பெயர். மதுவாலையின், அதாவது பீர் தயாரிக்கும் ஆலையின், பெயர் இருந்தால் அது அவர்களுடைய சொத்து. கடையில் கட்டும் டெபாசிட், கெக்கின் விலை ஆகாது.

செல்வம்_டல்லாஸ்:
பழைய இரும்புக் கடையிலேயே விற்கிறார்களே?

கவிதா_என்ஜே:
விற்கிறார்கள் என்பதால் அவர்களுடையது ஆகிவிடாது. சிறிய மதுவாலைக்கு ஒரு கெக் போனாலும் கைக்காசு நஷ்டம். கழித்துப் போட்ட கெக் இருக்கிறதா என்று அவர்களிடமே கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். அப்புறம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று: பிரஷரை முழுதாக இறக்காமல் உள்ளே இருக்கும் ஸ்பியர் குழாயின் பூட்டு வளையத்தைக் கழற்றவே கூடாது. குழாய் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். பிளாஸ்டிக் கெக் பக்கம் நான் போகவே மாட்டேன், 2012இல் நியூ ஹாம்ப்ஷைரில் ஒரு மதுவாலையில் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒன்று வெடித்து ஊழியர் இறந்துபோனார்.

செல்வம்_டல்லாஸ்:
பெயர் விஷயம் நியாயம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. சோடா கெக்கில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். மதி சொல்கிறபடி திறந்து பார்த்தாலும், மூடிய பிறகு நான் கொண்டுபோகும் சின்ன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் 30 பிஎஸ்ஐ பிரஷர் ஏற்றிப் பார்க்காமல் காசு எடுக்க மாட்டேன்.

மதி:
தாராளமாக ஏற்றுங்கள், கூடவே சோப்புத் தண்ணீரும் கொண்டுபோங்கள். போஸ்ட்டிலோ மூடியிலோ குமிழி வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வெல்டு போட்ட இடத்தில் வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.